பாதியைத்தான் போட்டார்கள்

அன்புள்ள வாயாடிக்கு,

அப்பா எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன். உன் அம்மாவும் நன்றாகத்தான் இருக்கிறாள், ஆனால் அவளைக் கேட்டால் ஒப்புக்கொள்ள மாட்டாள். நீயும் மாப்பிள்ளையும் தலைவலி காய்ச்சல் என்று ஒன்றும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்றே வைத்துக்கொண்டு எழுத உட்கார்ந்திருக்கிறேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்பாய். போனில் நான் ஒரு வரி ஆரம்பிப்பதற்குள் நீ ஒன்பது வரி பேசி, 'சரிப்பா வெச்சிடறேன்' என்று நீயே வைத்தும்விடுகிறாய். கடிதத்தில் உன்னால் குறுக்கே புக முடியாது பார். இந்த ஒரு தடவை நான் பேசுகிறேன், நீ கேள்.

அந்த நடனப் போட்டி விஷயம்தான். அங்கே உன் போனில் நீ பார்த்தது பத்து நொடி. இங்கே அது ஆறு வாரம் நடந்தது. முதலில் இருந்து சொன்னால்தான் உனக்குப் புரியும். சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் சாயங்காலம் ஆறு மணிக்கு டிவியில் வரும், பன்னிரண்டு ஜோடிகள், யாரும் ஆடக் கற்றவர்கள் இல்லை, எல்லோரும் ஏதோ ஒரு வேலைக்குப் போகிற புருஷன் பெண்டாட்டிகள். சனிக்கிழமை ஆடுவார்கள், நடுவர்கள் மார்க் போடுவார்கள், பார்க்கிறவர்கள் போனில் ஓட்டுப் போடுவார்கள், ஞாயிற்றுக்கிழமை ஒரு ஜோடியை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அந்தப் பன்னிரண்டில் ஒன்று நம் தெரு ஜோடி. நீ கல்யாணமாகிப் போன பிறகு தெருக்கோடி வீட்டுக்குக் குடிவந்தவர்கள். அவர் நாற்பத்தேழாம் நம்பர் பஸ் ஓட்டுகிறவர், தெருவில் அவர் பெயரே நாற்பத்தேழு என்று ஆகிவிட்டது, வயதும் ஏறக்குறைய அதுதான் இருக்கும். அவர் மனைவி பஸ் ஸ்டாப் பக்கத்து மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள், என் பிரஷர் மாத்திரையை உறையில் போட்டு 'காலை 1, இரவு 1' என்று முத்து முத்தாக எழுதிக் கொடுப்பவள் அவள்தான்.

முதல் மூன்று வாரம் நம் சலூனில் நிற்க இடம் கிடையாது. பெஞ்சில் எட்டுப் பேர், வாசலில் பத்துப் பேர், முடிவெட்ட வந்தவர் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடி வழியாகப் பார்ப்பார், அதில் வலது கால் இடது காலாகத் தெரியும், அதைப் பற்றி ஒரு சண்டை நடக்கும். முதல் வாரம் ஒருவர் முகத்தில் சோப்புடன் சட்டென்று டிவி பக்கம் திரும்பிவிட்டார், அவர் காது தப்பியது அவர் அதிர்ஷ்டம். அன்றிலிருந்து ஆட்டம் ஓடும்போது சவரம் கிடையாது, முடிவெட்டு மட்டும்தான் என்று சட்டம் போட்டேன். நாற்பத்தேழு தொப்பையைக் குலுக்கி இரண்டு சுற்றுச் சுற்றுவார், முடிந்ததும் பஸ் ஜன்னலில் இருந்து பின்னால் வரும் வண்டிக்குச் சைகை காட்டுவதுபோல் கையை ஆட்டுவார், அவ்வளவுதான், ஜனம் விழுந்து விழுந்து சிரிக்கும், ஓட்டு வந்து குவியும். எல்லோரும் அவரைப் பற்றித்தான் பேசினார்கள். அவருடன் ஆடுகிற அந்தப் பெண்ணைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை, நானும்தான். உன் அம்மா சட்டை ஃபேக்டரியில் ஷிஃப்ட் முடிந்து வருகிற வழியில் பையுடன் வாசலில் நின்று பார்ப்பாள், ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்குப் போய்விடுவாள். அவள் சும்மா இருந்தபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். இருபத்திரண்டு வருடமாகக் குறை கண்டுபிடிப்பதற்கே சம்பளம் வாங்குகிறவள். காலரைத் தூக்கிப் பார்த்து, கைமடிப்பைத் திருப்பிப் பார்த்து, தையல் ஒரு நூல் விலகியிருந்தால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுகிறவள். உன் நிச்சயதார்த்தத்தில் மாப்பிள்ளை வந்து காலில் விழுந்தபோது, 'நல்லா இருங்க, மூணாவது பட்டன் ஓட்டை கோணலா இருக்கு' என்று ஒரே மூச்சில் ஆசீர்வாதம் செய்தவள் இல்லையா.

நாலாவது வாரம் டிவிக்காரர்கள் கேமராவுடன் தெருவுக்கு வந்தார்கள். அக்கம்பக்கத்தார் என்ன சொல்கிறார்கள் என்று எடுத்துப் போடுவதற்காக. பூட்டுச் சாவிக் கடைக்காரர் புதுச் சட்டை மாற்றிக்கொண்டு வந்து, நாற்பத்தேழு மாதிரி ஆட இந்த உலகத்தில் ஆள் இல்லை என்றார். லாண்டரிக்காரம்மா அழுதேவிட்டார், எதற்கு என்று இன்றுவரை தெரியாது. நான் ஏதோ உளறினேன், நல்ல வேளை அதைப் போடவில்லை. அந்த நேரம் பார்த்து உன் அம்மா ஃபேக்டரியில் இருந்து வந்தாள், மைக்கை அவள் முன்னால் நீட்டிவிட்டார்கள். அவள் நிதானமாக ஒரு முழு நிமிடம் பேசினாள். மற்றவர்கள் அதற்குள் கலைந்து போயிருந்தார்கள், நான் மட்டும் கையில் கத்தரிக்கோலுடன் பக்கத்தில் நின்றிருந்தேன், ஒரு வார்த்தை விடாமல் கேட்டேன். சனிக்கிழமை டிவியில் வந்தது அதில் முதல் வரி மட்டும்தான். அதுதான் நீ பார்த்தது. 'அவருக்கு ஆட வரல. தாளத்துக்குக் காலு பின்னாடிதான் வருது.' உடனே அரங்கமே சிரிக்கிற சத்தம், நாற்பத்தேழின் முகத்தைப் பெரிதாகக் காட்டினார்கள், அந்த மனிதர் சிரிக்கவும் முடியாமல் தலையைக் குனியவும் முடியாமல் நின்றார். வெட்டுவது என் தொழில், முப்பது வருடமாக வெட்டுகிறேன், நானே இவ்வளவு மோசமாக எதையும் வெட்டியதில்லை. மீதியில் அவள் என்ன சொன்னாள் என்பதற்கு வருகிறேன், பொறு.

அது டிவியில் வந்தபோது நான் கடையில் பூட்டுக்காரருக்கு ஒரு பக்கம்தான் வெட்டி முடித்திருந்தேன், அவர் துணியைத் தானே அவிழ்த்துவிட்டு எழுந்து போய்விட்டார். இரண்டு நாள் தலையில் ஒரு பக்கம் காடும் ஒரு பக்கம் மைதானமுமாகத் தெருவில் நடந்தார், வேறு கடைக்குப் போய் மீதியை வெட்டிக்கொள்ள வெட்கம். மூன்றாம் நாள் வந்து உட்கார்ந்து, மீதிப் பக்கத்தை விரலால் காட்டினார். சிரிப்பாக இருக்கிறது இப்போது, அப்போது இல்லை. வழக்கமாக வருகிறவர்களில் பாதிப் பேர் கடைக்கு வரவில்லை. உன் அம்மா தினமும் காலை ஏழு நாற்பதுக்கு நாற்பத்தேழின் பஸ்ஸில்தான் வேலைக்குப் போகிறாள். அவர் கதவைத் திறந்துவிட்டு நேராகச் சாலையைப் பார்ப்பார். உள்ளே தெரு ஆட்கள் நாலு பேர் இருப்பார்கள், யாரும் நகர்ந்து இடம் கொடுக்கவில்லை. எட்டு மணிக்கு இன்னொரு பஸ் இருக்கிறதே, அதில் போயேன் என்றேன். தப்புச் செய்யாதவள் எதற்குப் பஸ் மாற வேண்டும் என்று கேட்டாள். அவள் நின்றுகொண்டே போனாள், நின்றுகொண்டே வந்தாள்.

அது டிவியில் வந்த மறுநாள் ஞாயிற்றுக்கிழமைதான் நீ கூப்பிட்டாய். உன் ஆபீசில் யாரோ அந்தப் பத்து நொடியை உனக்கே அனுப்பி, இது உன் அம்மாவா என்று கேட்டார்கள் என்றாய். 'உனக்கு ஒருத்தரையாவது ஒரு வார்த்தை நல்லதா சொல்லத் தெரியாதாம்மா' என்று நீ கேட்டது எனக்கே இந்தப் பக்கம் கேட்டது, உன் குரல் அப்படி. அவள் போனை என்னிடம் கொடுத்துவிட்டுப் போய், கழுவி வைத்த பாத்திரத்தை எல்லாம் எடுத்து மறுபடி கழுவினாள். அதற்குப் பிறகு நீ என் போனுக்குத்தான் கூப்பிடுகிறாய், அதுவும் நான் கடையில் இருக்கிற நேரமாகப் பார்த்து. எனக்குக் கணக்கு வராது என்று நினைத்துவிட்டாய் போலிருக்கிறது.

செவ்வாய்க்கிழமை என் மாத்திரை தீர்ந்துவிட்டது. நான் வாங்கி வருகிறேன் என்றேன், கேட்காமல் அவளே போனாள். மருந்துக்கடையில் அந்தப் பெண் சீட்டை வாங்கி மாத்திரையை எடுத்து உறையில் எழுதிக் கொடுத்துவிட்டு, கையை எடுக்காமல் கேட்டிருக்கிறாள்.

'அக்கா, நீங்க அவ்ளோதான் சொன்னீங்களா?'

இல்லை என்றாள் உன் அம்மா. மீதி என்ன என்று அந்தப் பெண் கேட்க, உன் அம்மா மைக்கில் சொன்னதை வரி மாறாமல் அங்கே மறுபடி சொல்லியிருக்கிறாள். இப்போது நீ கேள். 'அவருக்கு ஆட வரல, தாளத்துக்குக் காலு பின்னாடிதான் வருது. ஆனா அது யார் கண்ணுக்கும் தெரியாம அவர் பொண்டாட்டி தன் காலை நிறுத்தி நிறுத்தி வைக்கிறா. ஒவ்வொரு அடியும் பாதியாக் குறைச்சு வைக்கிறா. அந்தப் பொண்ணுக்கு எவ்வளவு ஆட வரும்னு இன்னும் யாரும் பாக்கவே இல்ல. எனக்குப் பாக்கணும்னு இருக்கு.' அவ்வளவுதான். இதில் யாரை அவமானப்படுத்தினாள், நீயே சொல்.

அந்தப் பெண் கொஞ்ச நேரம் கவுண்டரைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தாளாம். பின்னால் இருமல் மருந்துக்கு ஒருவர் காத்திருந்தார். பிறகு மெதுவாக, இதை யாரிடமும் சொல்லிவிடாதீர்கள் அக்கா, அவருக்குத் தெரிந்தால் மேடை ஏறவே மாட்டார், இந்த வயதில் அவருக்கு இப்படி ஒரு சந்தோஷம் கிடைத்திருக்கிறது, அதை நான் கெடுக்கக் கூடாது என்றாளாம். உன் அம்மா சரி என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டாள். அதாவது தெருவே தன்மேல் கோபமாக இருக்கிறது, மகள் பேசுவதில்லை, ஒரு வார்த்தை சொன்னால் எல்லாம் சரியாகிவிடும், அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்து சாயங்காலம் எனக்கு மாத்திரை கொடுத்தாள். என்னிடம்கூடச் சொல்லவில்லை. நல்லதாக ஒரு வார்த்தை சொல்லத் தெரியாதவள்தான், சரி, சொல்லாமல் இருக்கத் தெரிந்தவள்.

இப்போது என் யோக்கியதைக்கு வருகிறேன். அந்த ஒரு நிமிடத்தை முழுசாகக் கேட்டவன் நான். பெஞ்சில் எட்டுப் பேரை உட்கார வைத்து, அவள் சொன்னது இதுதானய்யா என்று சனிக்கிழமையே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பெண்டாட்டிக்குப் பரிந்து பேசுகிறான் என்பார்கள், இருக்கிற கூட்டமும் போய்விடும் என்று வாயை மூடிக்கொண்டு சீப்பைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவள் அதைப் பற்றி என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒரு சண்டை போட்டு முடித்திருக்கலாம். பன்னிரண்டு நாள் அப்படி ஓட்டினேன். நடுவில் ஐந்தாவது வாரம் வந்தது, நாற்பத்தேழு தன் காலையே பார்த்துக்கொண்டு ஆடினார், பார்க்கவே பாவமாக இருந்தது, இருந்தும் ஓட்டில் தப்பித்துவிட்டார்கள்.

ஆறாவது வாரம் வியாழக்கிழமை மத்தியானம் கடையில் யாரும் இல்லாத நேரத்தில் நாற்பத்தேழு வந்தார். சனிக்கிழமை மேடைக்கு முடி சீராக இருக்க வேண்டும், தெருவில் வேறு சலூன் இல்லை, வேறு வழி இல்லாமல் வந்திருக்கிறார். வந்து உட்கார்ந்தார், நான் துணியைப் போர்த்தினேன், இரண்டு பேரும் கண்ணாடியில் ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டோம். பிடரியில் மெஷின் வைக்கும்போது தாங்க முடியவில்லை, மெஷினை நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அந்தப் பெண் உன் அம்மாவிடம் வாக்கு வாங்கியது எனக்கு எங்கே தெரியும். இரண்டு பெண்கள் சேர்ந்து கட்டிக் காத்ததை நான் ஒரே மூச்சில் போட்டு உடைத்தேன். அவர் துணிக்குள் கையை வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தார். கோபித்துக்கொண்டு பாதி முடியுடன் இவரும் எழுந்து போகப்போகிறார் என்று நினைத்தேன்.

'எனக்குத் தெரியும்ணே. முதல் வாரமே தெரியும். வீட்டு ஹால்ல தனியா ஆடும்போது அவ வேற மாதிரி ஆடுவா. மேடையில என் பக்கத்துல வந்தா சின்னதா ஆகிடுவா. தெரிஞ்சுதான் சும்மா இருந்தேன். கைதட்டு எல்லாம் எனக்கு வந்துச்சுண்ணே. நல்லா இருந்துச்சு அது.'

பஸ் ஓட்டுகிறவனுக்கு யார் கைதட்டப் போகிறார்கள் என்றும் சொன்னார். சீக்கிரம் போனால் திட்டுவார்கள், மெதுவாகப் போனாலும் திட்டுவார்கள், சரியாகக் கொண்டுபோய் இறக்கிவிட்டால் திரும்பிப் பார்க்காமல் இறங்கிப் போவார்கள். மீதி முடியை வெட்டி முடித்தேன். அன்று நான் வெட்டியதுபோல் வாழ்நாளில் யாருக்கும் வெட்டியதில்லை, அவ்வளவு கவனம்.

வீட்டுக்கு வந்து பெருமையாக உன் அம்மாவிடம் சொன்னேன், பிறகுதான் வாக்கு விஷயத்தை அவள் சொன்னாள். தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். உங்களுக்குப் பேச வேண்டிய நேரத்தில் பேச வராது, பேசக் கூடாத நேரத்தில் பொத்துக்கொண்டு வரும் என்றாள். உண்மைதானே. அந்தப் பெண்ணுக்கு என்ன முகத்தைக் காட்டுவது என்று வெள்ளிக்கிழமை முழுவதும் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

சனிக்கிழமை உன் அம்மா முதல் தடவையாகச் சலூனுக்கு உள்ளே வந்து நின்றாள். பெஞ்சில் யாரும் நகர்ந்து உட்காரவில்லை. நம் ஜோடி வந்தது. எனக்கு நடனத்தை வர்ணிக்கத் தெரியாது, தலைமுடி என்றால் சொல்வேன். நாற்பத்தேழு மேடை நடுவில் நின்றார், நாலு அடிக்கு மேல் நகரவில்லை, தொப்பையைக் குலுக்கவில்லை, கையாட்டவில்லை. அந்தப் பெண் அவரைச் சுற்றி மேடை முழுவதும் ஆடினாள். அடேயப்பா, மருந்துக்கடையில் ஏணி போட்டு மேல் தட்டில் இருந்து டப்பா எடுக்கிற பெண்ணா இவள் என்று ஆகிவிட்டது. எவ்வளவு தூரம் போனாலும் திரும்பி வந்து கையை நீட்டுகிற இடத்தில் எல்லாம் அவர் கை சரியாக இருந்தது, ஒரு தடவைகூடத் தவறவில்லை. நான் கண்ணாடியில் உன் அம்மாவைப் பார்த்தேன். முகத்தில் ஒன்றும் இல்லை, பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள், ஆனால் செருப்புக்குள் கால் விரல் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. நான் சொன்னேன் என்று கேட்டுப் பார், செருப்புக் கடித்தது என்பாள். ஆட்டம் முடிந்ததும் பூட்டுக்காரர் எழுந்து பெஞ்சில் அவளுக்கு இடம் விட்டார், அவள் உட்காரவில்லை, சமைக்க வேண்டும் என்று போய்விட்டாள்.

நடுவர்கள் போட்டது அதுவரை யாருக்கும் போடாத அளவு பெரிய மார்க். ஞாயிற்றுக்கிழமை ஓட்டு எண்ணிக்கையில் நம் ஜோடிதான் கடைசி. சிரிக்க வைக்கவில்லை என்று ஜனம் ஓட்டுப் போடவில்லை போல. வெளியே போங்கள் என்று சொல்லிவிட்டார்கள். நாற்பத்தேழு மைக்கை வாங்கி எல்லோருக்கும் நன்றி என்றார், விளம்பரம் வந்துவிட்டது. நீயும் அவ்வளவுதான் பார்த்திருப்பாய். அதனால்தான் மறுநாள் எனக்கு, அம்மா வாய் வைத்தது பலித்துவிட்டது என்று எழுதி அனுப்பினாய். திங்கட்கிழமை சாயங்காலம் அவர்கள் இரண்டு பேரும் நம் வீட்டுக்கு வந்தார்கள். உன் அம்மா அந்தப் பெண்ணைப் பார்த்ததும், என் வாயால் வரவில்லை, இவர் வாயால் வந்தது என்று என்னைக் கை காட்டினாள். அந்தப் பெண் சிரித்தாள். வியாழக்கிழமை இரண்டு பேரும் பெரிய சண்டை போட்டு, அழுது, அப்புறம் ஹாலில் இருந்த நாற்காலி எல்லாம் வெளியே தூக்கிப் போட்டுவிட்டு இரண்டு நாள் புதிதாகப் பழகினார்களாம். மேடையில் அவர் நன்றி என்பதோடு நிறுத்தவில்லை என்றும் அவள்தான் சொன்னாள். அவர் சொன்னது இது.

'எங்க தெரு அக்கா சொன்னதுல பாதியைத்தான் நீங்க போட்டீங்க. மீதியை நேத்து நாங்க ஆடினோம்.'

அதையும் வெட்டிவிட்டார்கள். அப்படிச் செய்வார்கள் என்று தெரிந்துதான் சொன்னேன் என்றார் அவர், அங்கே இருந்தவர்கள் காதிலாவது விழட்டுமே என்று. ஒரு நடனக் குழுக்காரர் அந்தப் பெண்ணின் நம்பரை வாங்கிப் போயிருக்கிறாராம், இன்னும் கூப்பிடவில்லை, பார்ப்போம். மறுநாள் காலை ஏழு நாற்பதுக்கு பஸ் வந்தது. ஏறுங்கக்கா என்று அவரே சொல்லியிருக்கிறார். உன் அம்மா படியில் நின்றபடியே, சனிக்கிழமையும் உங்கள் கால் பின்னாடிதான் வந்தது என்று சொல்லிவிட்டுத்தான் ஏறினாளாம். அவர் ஸ்டியரிங்கில் தலையை வைத்துச் சிரித்ததில் பஸ் ஒரு நிமிடம் தாமதம்.

இவ்வளவு எழுதியதற்குக் காரணம் ஒன்றுதான். அவர்கள் கிளம்பிப் போன பிறகு நானும் உன் அம்மாவும் டம்ளர்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்தோம். எல்லாம் நல்லபடி முடிந்ததே, இன்னும் ஏன் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாய் என்று சும்மா சீண்டினேன். அவள் சொன்னாள், 'நான் என்ன சொன்னேன்னு அந்தப் பொண்ணு கேட்டா. என் பொண்ணு கேக்கல.' கோபமாகச் சொல்லவில்லை. துணி தைத்ததில் எங்கே விட்டுப்போயிருக்கிறது என்று காட்டுவாளே, அந்தக் குரலில் சொன்னாள். எனக்கு அதற்குமேல் கிண்டல் வரவில்லை. தப்பு உன்மேல் மட்டும் இல்லை கண்ணு. நீ கூப்பிட்ட அன்றைக்கே நான் போனைப் பிடுங்கி, இரு, உன் அம்மா சொன்னது இதுதான் என்று சொல்லியிருந்தால் நீ இத்தனை நாள் அவளிடம் பேசாமல் இருந்திருக்க மாட்டாய். அந்தப் பன்னிரண்டு நாளுக்கும் இந்த மூன்று வாரத்துக்கும் சேர்த்து இந்தக் கடிதம் என்று வைத்துக்கொள்.

மாப்பிள்ளைக்கு முதுகுவலி என்றாயே, கம்ப்யூட்டர் முன்னால் கூனிக்கொண்டு உட்காராமல் மணிக்கு ஒரு தடவை எழுந்து நடக்கச் சொல். நீயும் வேளைக்குச் சாப்பிடு, வேலை எங்கும் ஓடிப்போகாது. முடியை அங்கே கண்ட கடையில் கொடுத்து அலங்கோலம் செய்துகொள்ளாதே, நீ அனுப்பிய போட்டோவில் இடது பக்கம் ஒரு விரல் கூடுதலாக நிற்கிறது, இந்தக் குணம் உன் அம்மாவிடம் இருந்து எனக்கு ஒட்டிக்கொண்டது. இரண்டு பேரும் நீண்ட ஆயுசோடு, ஒருத்தர் கையை ஒருத்தர் விடாமல், மனம் நிறைந்து இருங்கள் என்று நாங்கள் இருவரும் வாழ்த்துகிறோம். அவளைக் கேட்காமலே அவள் பெயரையும் சேர்த்துக்கொண்டேன், இதற்கு மறுப்புச் சொல்ல மாட்டாள்.

ஒன்றை மறந்துவிடாதே. ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு அவள் வீட்டில்தான் இருப்பாள். என் போனுக்கு வேண்டாம், அவள் போனுக்குக் கூப்பிடு. முதல் மணியிலேயே எடுத்துவிட்டு, வேலையாக இருக்கிறேன், சீக்கிரம் சொல் என்பாள், நம்பாதே. நீ அன்றைக்கு முழுசாக என்னம்மா சொன்னாய் என்று கேள். நான் எழுதியதாகச் சொல்லாதே. நீயாகத் தோன்றிக் கேட்டதாகவே இருக்கட்டும்.

என்றும் உன் நினைவில் இருக்கும்,
அப்பா